அமெரிக்காவிலிருந்து வந்த சாய்வுப் படுக்கையும் சேலம் கடைவீதியும்

சேலம் அம்மாபேட்டையில் இருக்கும் என் தங்கை மகளுக்குக் குழந்தை பிறந்தபோது, நியூஜெர்சியிலுள்ள உறவினர் ஒருவர் தம் பிள்ளைக்குப் பயன்படுத்திய சாய்வுப் படுக்கையை ஊருக்கு வந்தவர்களிடம் கொடுத்தனுப்பியிருந்தார். கம்பிச் சட்டமும் மெத்தென்ற துணியுமாகப் பார்வைக்கு நேர்த்தியான பொருள்தான். ஆனால், அதன் சாய்வையும் அடியில் தைத்திருந்த சீட்டில் இருந்த 2016 என்ற ஆண்டையும் பார்த்ததுமே குழந்தையை இதில் தூங்கவைக்க வேண்டாம் என்று சொன்னேன்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் தூங்குவதற்கென, 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த படுக்கைகளைத் தயாரிப்பதையும் விற்பதையும் தடைசெய்து 2022 மே மாதம் அமெரிக்காவில் சட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. பச்சிளம் குழந்தைக்குத் தலை கனம், கழுத்துக்கு வலு இல்லை. ஆகவே சாய்வில் கிடத்தும்போது முகவாய் நெஞ்சில் படிந்து மூச்சுக்குழல் குறுகிவிடுகிறது. குழந்தை புரண்டு முகம் துணியில் புதைந்தால், அந்தச் சாய்விலிருந்து தானாகத் திரும்பி வருவதும் கடினம்.

சட்டத்திற்கு முன்பே, 2019 ஏப்ரலில், ஃபிஷர் பிரைஸ் நிறுவனத்தின் ‘ராக் அண்ட் பிளே’ படுக்கைகள் ஏறத்தாழ 47 லட்சம் திரும்பப் பெறப்பட்டன. என்னைக் கலங்கவைத்தது அதன் பின்கதை. 2023 ஜனவரியில் அந்நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் அதே அறிவிப்பை மீண்டும் வெளியிட்டபோது, முதல் அறிவிப்புக்குப் பிறகும் குறைந்தது 8 குழந்தைகள் இறந்ததாகத் தெரிவித்தது. அங்கேயே கைமாறிக்கொண்டிருந்த பொருள், விமானப் பெட்டியில் ஏறி இங்கு வந்துவிட்டால் எந்த அறிவிப்பு அதைத் துரத்திப் பிடிக்கும்? பக்கத்து வீட்டார் கேட்டும் கொடுக்காமல், துணியைக் கிழித்துவிட்டுக் கம்பிச் சட்டத்தைப் பழைய இரும்புக் கடையில் போட்டோம்.

“நீங்க எல்லாரும் தூளியில வளந்தவங்கதான?” என்று என் அம்மா கேட்டார். கேள்வி நியாயமானது, ஆனால், தூளியிலும் முதுகு வளைந்து முகவாய் நெஞ்சைத் தொடத்தான் செய்கிறது. தாலாட்டுவதற்குத் தூளி, கண்ணயர்ந்ததும் மல்லாக்கப் பாயில் என்று ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். ஏற்காட்டிலுள்ள சம்பந்தி வீட்டிலிருந்து வந்த கம்பளியைப் போர்த்தாமல், குளிருக்குச் சட்டையை இரண்டாகப் போடச் சொன்னதில்தான் கொஞ்சம் மனத்தாங்கல்.

பிறகு, தொட்டில் மெத்தை பார்க்கச் சேலம் கடைவீதிக்குப் போனோம். சுற்றிலும் தலையணைபோல் அணை வைத்துத் தைத்த பஞ்சுப் படுக்கையைக் கடைக்காரர் எடுத்துக் காட்டினார். மேலே குறிப்பிட்ட சட்டம் பஞ்சடைத்த தொட்டில் அணைகளையும் தடைசெய்திருக்கிறது. தரச்சான்று உண்டா என்று கேட்டதற்கு, அதில் தொங்கிய கிலுகிலுப்பையைத் திருப்பி அதிலிருந்த ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் காட்டினார். பொம்மைகளுக்கு அந்த முத்திரை 2021 ஜனவரி முதல் கட்டாயம். ஆனால், அது கிலுகிலுப்பைக்குத்தான் பொறுப்பேற்கும், படுக்கைக்கு அல்ல. “மெத்தைக்கெல்லாம் யாருங்க கேக்குறாங்க?” என்றார் அவர், கோபமில்லாமல். குடைபோல் விரியும் கொசுவலை ஒன்றை மட்டும் வாங்கினோம். பாய்மேல் சுருக்கமில்லாமல் இறுக்கி விரித்த பருத்தித் துணியில் படுக்கவைத்து, அந்த வலையைக் கவிழ்த்துவிடுகிறோம்.