படம் பகிர்ந்தால் குண்டாஸ்: தேவையா, அத்துமீறலா?

சட்டப்புள்ளி:
தமிழ்நாட்டில் படத்தை நெட்டில் ஏற்றியவரை இரண்டு வழியில் உள்ளே தள்ளலாம். ஒன்று, 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவு. 6 மாதம் முதல் 3 ஆண்டு சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் அபராதம். இதில் விசாரணை உண்டு, சாட்சி உண்டு, குறுக்கு விசாரணை உண்டு. இன்னொன்று, நாம் குண்டாஸ் என்று சொல்லும் 1982-ம் ஆண்டின் 14-வது சட்டம். 2004-ல் அதற்குள் ‘வீடியோ பைரட்’டையும் கொண்டுவந்தார்கள். இதில் விசாரணையே கிடையாது. கமிஷனரோ கலெக்டரோ கையெழுத்துப் போட்டால் 12 மாதம் வரை சிறை. காவல் சரியா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்தின் முன் வக்கீல் வைத்து வாதாடும் உரிமைகூட இல்லை. கள்ளச்சாராயக்காரருக்கு எழுதிய சட்டம் டோரன்ட்டுக்கு (ஃபைலைத் துண்டு துண்டாகப் பலரும் தங்களுக்குள் பகிரும் முறை) எதற்கு?

என்எஸ்சி ஏரியா:
எதற்கா? வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள்தான் ஒரு படத்தின் உயிர். 63-ல் போட்ட வழக்கு முடிய வருஷக்கணக்காகும். தியேட்டரில் எடுப்பவன் ஒருவன், அதை என்கோடு செய்பவன் ஒருவன், ஏற்றுபவன் இன்னொருவன், விளம்பரக் காசு வாங்கும் சைட்காரன் வேறு ஒருவன். பிடிபடுபவன் ஜாமீனில் வந்து அடுத்த வெள்ளிக்கிழமையே மறுபடி உட்காருவான். தடுப்புக் காவல் என்ற பெயரே தடுப்பதற்குத்தான்.

ஆதாரம் இல்லாமல் பிடிக்கிறார்கள் என்றும் சொல்ல வேண்டாம். டிசிஐ என்ற டிஜிட்டல் சினிமா தரத்தில் ஓடும் புரொஜெக்‌ஷனில் கண்ணுக்குத் தெரியாத வாட்டர்மார்க் இருக்கிறது. ஒவ்வொரு 5 நிமிடத் துண்டிலும் 35 பிட் தகவல் பதிந்திருக்கும், 30 நிமிடத் துண்டு கிடைத்தால் உறுதியாக எடுக்கலாம். அதில் 16 பிட் நேரம், 15 நிமிடத்துக்கு ஒரு முத்திரை. மீதி 19 பிட் எந்த இடம், எந்தக் கருவி என்பது. கேம் பிரிண்ட் (தியேட்டரில் கேமராவில் எடுத்த திருட்டுப் பிரதி) எந்த ஸ்கிரீனில், எந்த ஷோவில் எடுத்தது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

பாக்கெட் பிரியன்:
ஸ்கிரீன் தெரியும், ஷோ தெரியும். எந்த சீட்? 500 பேரில் யார்? ஆபரேட்டர் அறையிலிருந்து எடுத்திருந்தால்? வாட்டர்மார்க் தியேட்டர் வாசல்வரைதான் கொண்டுபோய் விடும். அதன்பிறகு சிசிடிவி, டிக்கெட் பதிவு, போன் பறிமுதல் என்று கையால் செய்யும் வேலைதான் மிச்சம்.

நெட் பக்கம் இதைவிட மோசம். டிராக்கர் (யார் யார் பகிர்கிறார்கள் என்று சொல்லும் சர்வர்) கொடுக்கும் ஐபி (இணைய முகவரி) பட்டியலை அப்படியே நம்பக் கூடாது, அதில் பொய் ஐபிகளையும் நுழைக்கலாம். கண்காணிப்பவர் அந்த ஐபியோடு நேரடியாக இணைந்து, ஒரு துண்டையாவது இறக்கி, அதன் ஹாஷ் (ஃபைலின் கைரேகை போன்ற எண்) டோரன்ட் ஃபைலில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். அதற்கும் மேலே சிஜிநாட், ஒரே பொது ஐபியைப் பல சந்தாதாரருக்குப் பங்கிடும் முறை. ஒரு சந்தாதாரருக்கு 1,024 போர்ட் (இணைப்பு எண்) ஒதுக்கினால் ஒரே பொது ஐபியில் 60 பேர் வரை உட்காரலாம். போலீஸ் நோட்டீஸில் ஐபியும் தேதியும் மட்டும் இருந்தால் ஐஎஸ்பியால் (இணைய சேவை நிறுவனம்) ஒருவரைக் காட்டவே முடியாது. போர்ட் எண் வேண்டும், நொடிவரை நேரம் வேண்டும். ஐஎஸ்பியின் பதிவான லாக் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்க, நோட்டீஸ் இந்திய நேரத்தில் போனால் ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போய் வேறு வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்.

என்எஸ்சி ஏரியா:
ஐபி ஆரம்பம்தான், முடிவு என்று யார் சொன்னது? அதை வைத்து வீட்டுக்குப் போய் ஹார்டு டிஸ்க் எடுக்கிறார்கள், ஹாஷ் போடுகிறார்கள், புதிய சாட்சியச் சட்டம் 63(4)-ன்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் வைக்கிறார்கள். ஐஎஸ்பி லாக் 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரிலேயே உரிம நிபந்தனையை மாற்றியாயிற்று. நண்பர்களுக்கு அனுப்பும் காலேஜ் பையன் மேல் யாரும் குண்டாஸ் போடப்போவதில்லை.

சட்டப்புள்ளி:
“போடப்போவதில்லை” என்பது அதிகாரியின் கருணை. சட்டத்தில் எங்கே இருக்கிறது? சினிமா தொடர்பான பதிப்புரிமை மீறலைச் செய்பவர், செய்ய முயல்பவர், உடந்தையாக இருப்பவர் எல்லாருமே ‘வீடியோ பைரட்’ என்ற வரையறைக்குள் வருவார்கள். லாப நோக்கம் என்ற சொல்லே அதில் இல்லை. 63-வது பிரிவிலாவது, வியாபார லாபத்துக்காக இல்லையென்றால் நீதிமன்றம் காரணம் எழுதி 6 மாதத்துக்கும் குறைவாகத் தண்டிக்கலாம் என்று ஒரு விலக்கு இருக்கிறது. லாபம் பார்க்காதவருக்கு அசல் சட்டம் தரும் சலுகையைக் குண்டாஸ் பிடுங்கிக்கொள்கிறது.

லாக் விஷயம் தனி. ஒரு பைரட்டைப் பிடிக்க ஊரே எங்கே போனது வந்தது என்று 2 ஆண்டு சேர்த்து வைப்பதை நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறீர்கள்.

கடைசி ரோ:
சண்டைக்கு நடுவில் ஒரு சந்தேகம். சும்மா ஸ்ட்ரீமிங்கில் பார்க்கிறவனும் குற்றவாளியா? தடை செய்த சைட்டைத் திறந்தால் ‘3 வருடம் ஜெயில்’ என்று வருமே?

சட்டப்புள்ளி:
அந்த மிரட்டல் வாசகத்தை 2016-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கௌதம் படேல் திருத்தச் சொன்னார். பார்ப்பது குற்றமல்ல, பரப்புவதும் பொதுவில் காட்டுவதும்தான் குற்றம் என்றார்.

பாக்கெட் பிரியன்:
இதை டோரன்ட்டுக்குப் பொருத்திக்கொள்ளாதீர்கள். முதல் துண்டு வந்து ஹாஷ் சரிபார்த்த உடனே உங்கள் டோரன்ட் மென்பொருள் அதை மற்றவர்களுக்கு அனுப்பத் தொடங்கிவிடும். ‘டவுன்லோடு மட்டும்தான் செய்தேன்’ என்பது அங்கே செல்லாது.

தடையைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2012-ல் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த ஜான் டோ உத்தரவை (பெயர் தெரியாத எதிராளிகள் மேல் போடும் தடை) வைத்து ஐஎஸ்பிகள் விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் எல்லாவற்றையும் முழுசாக மூடின. குறிப்பிட்ட யுஆர்எல்லை மட்டும் தடுத்தால் போதும் என்று ஜூனில் நீதிமன்றமே தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. 2017-ல் மறுபடி. இரண்டு இந்திப் படங்களுக்காக 2,650 தளங்களின் பட்டியல், அதில் இன்டர்நெட் ஆர்க்கைவும் ஒன்று. பழைய புத்தகங்களைத் தேடிப் போனவர்களுக்குக் கதவு மூடியிருந்தது. பைரட் தளமோ புதுப் பெயரில் திரும்பி வந்துவிடும்.

என்எஸ்சி ஏரியா:
அதற்குத்தான் 2019-ல் டெல்லி உயர் நீதிமன்றம் டைனமிக் இன்ஜங்ஷன் கொண்டுவந்தது. புது மிரர் (அதே தளத்தின் நகல்) வந்தால் புது வழக்கு வேண்டாம், பதிவாளரிடம் மனு போட்டால் போதும். ஆர்க்கைவைப் பட்டியலில் சேர்த்தது, அதைத் தயாரித்த ஏஜென்சியின் சோம்பேறித்தனம், அதற்குப் பரிந்துபேச நான் வரவில்லை. ஆனால் டிஎன்எஸ் அமைப்பை மாற்றித் தடையைத் தாண்டத் தெரிந்த பத்துப் பேரைக் காட்டி மீதிப் பேரையும் தடுக்காதே என்றால் எப்படி?

சட்டப்புள்ளி:
சரி, தடை இருக்கட்டும். ஆளை அடைப்பதற்கு வருவோம். 63-வது பிரிவு ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத, நீதிமன்றம் பார்த்துத் தர வேண்டிய குற்றம் என்று 2022 மே மாதம் நிட் ப்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜாமீனில் வந்தவர் மறுபடி செய்தால் ரத்து செய்ய மனுப் போடலாம். 2023-ல் திருத்திய சினிமாட்டோகிராஃப் சட்டத்தில் அபராதம் 3 லட்சத்தில் தொடங்கி, கணக்குத் தணிக்கை செய்த மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகும். இவ்வளவும் கையில் இருக்கும்போது தடுப்புக் காவல் எதற்கு? சாதாரணச் சட்டமே போதுமானால் தடுப்புக் காவல் செல்லாது என்று 2011-ல் ரேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவும் இதே 1982 சட்டத்தில் வந்த வழக்குதான்.

தடுப்புக் காவல் உத்தரவு கைக்கு வந்தால் பார்க்க வேண்டியவை: காரணங்களை 5 நாளுக்குள் கொடுத்தார்களா, 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் தந்ததா, 3 வாரத்துக்குள் அறிவுரைக் கழகத்துக்குப் போனதா. ஜாமீன் மனுவே நிலுவையில் இல்லாமல் ‘ஜாமீனில் வர வாய்ப்புண்டு’ என்று எழுதியிருந்தால் அங்கேயே உத்தரவு ஆட்டம் காணும். படிக்க முடியாத ஜெராக்ஸ், தமிழில் தராத ஆவணம், குறைதீர் மனுவைக் கிடப்பில் போட்டது, இவையும் அப்படித்தான்.

என்எஸ்சி ஏரியா:
பார்த்தீர்களா, ஜெராக்ஸ் மங்கலாக இருந்ததால் வெளியே வந்தவனை நிரபராதி என்று கொண்டாடுவீர்கள். ஜாமீன் ரத்து மனு பட்டியலுக்கு வருவதற்குள் படம் தியேட்டரை விட்டே போயிருக்கும். அதற்கு ஒரு வழி சொல்லுங்கள், குண்டாஸ் வேண்டாம் என்று நானும் எழுதித் தருகிறேன்.

சட்டப்புள்ளி:
முதல் ஜாமீனிலேயே நிபந்தனை கேளுங்கள். வெள்ளி முதல் ஞாயிறு வரை தினமும் ஸ்டேஷனில் கையெழுத்து, பறிமுதல் செய்த கருவிகளைத் திருப்பித் தரக் கூடாது. அரசு வக்கீலுக்குத் தேவை ஒரு பக்க மனு. தடுப்புக் காவல் கோப்பு எழுத ஆகும் நேரத்தில் பாதிகூட ஆகாது.

என்எஸ்சி ஏரியா:
கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் வேறு லேப்டாப்பைத் திறப்பான். அடுத்த யோசனை?