ஓ.ஆர்.எஸ். பொடியை டம்ளர் டம்ளராகக் கலக்கலாமா?

கிராமச்செவிலி:
பேதி என்று வரும் குழந்தைகளுக்கு ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடி) பொட்டலமும் சிங்க் மாத்திரையும் கொடுத்தனுப்புகிறோம். ஒரு லிட்டர் கலந்தால் வீணாகும் என்று வீட்டில் டம்ளருக்கு ஒரு ஸ்பூன் பொடி போடுகிறார்கள். சிலர் முழுப் பொட்டலத்தையும் அரை லிட்டரில் கரைக்கிறார்கள். பேதி நின்றதும் சிங்க்கை நிறுத்திவிடுகிறார்கள். அம்மாக்களிடம் எதை அழுத்திச் சொல்ல வேண்டும்?

மருந்தாளுநர்:
தண்ணீர் அளவைத்தான். 20.5 கிராம் பொட்டலத்தில் உப்பு 2.6, குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9 கிராம். ஒரு லிட்டரில் கரைத்தால் கரைசல் ரத்தத்தைவிடச் சற்று நீர்த்திருக்கும். குடல் சுலபமாக உறிஞ்சும். அரை லிட்டரில் செறிவு இரட்டிப்பாகி, உடம்பிலுள்ள தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். பேதி கூடும், ரத்தத்தில் சோடியம் ஏறும், வலிப்பு வரை போகலாம்.

ஸ்பூன் கணக்கும் வேண்டாம். பொடி சீராகக் கலந்திருக்காது. ஒரு ஸ்பூனில் உப்பு கூடும், அடுத்ததில் குறையும். காலி ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலே போதுமான அளவுகோல். காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைக்கணும், கரைத்தபின் காய்ச்சக் கூடாது. 24 மணி நேரம் கழித்து மீந்ததைக் கொட்டிவிடலாம். அதற்கும் மனசு வராதவர்களுக்கு 200 மில்லி தண்ணீரில் கரைக்கும் சிறு பொட்டலம் கொடுங்கள்.

சமூக மருத்துவம்:
இந்த அளவு ஆராய்ச்சியில் பிறந்தது. 1971 போரின்போது வங்கதேச அகதிகள் குவிந்த, மேற்கு வங்க எல்லை ஊரான பன்காவில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு கரைத்து, குடிக்கக் கொடுக்கும் வேலையை உறவினர்களிடமே விட்டார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. பிறகு நடந்த ஆய்வுகளில், செறிவைக் குறைத்தால் வாந்தியும் சலைன் தேவையும் குறைவது தெரிந்தது. 2002-ல் உலக சுகாதார நிறுவனம் இன்றைய அளவுக்கு மாற்றியது. பாதித் தண்ணீரில் கரைப்பவர் அந்தப் பலனையெல்லாம் இழக்கிறார்.

குழந்தைகள் வார்டு:
ஒவ்வொரு முறை பேதியானதும் 2 வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. ஃபீடிங் பாட்டில் வேண்டாம். நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாகத் தொடரணும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

சிங்க் தினமும் 20 மி.கி., 14 நாள். 2 முதல் 6 மாதக் குழந்தைக்குப் பாதி மாத்திரை. அடுத்த இரண்டு மூன்று மாதத்துக்குப் பேதி திரும்பாமல் காப்பதும் அதுதான் என்று சொல்லுங்கள், முழுசாகக் கொடுப்பார்கள்.

கண் குழி விழுந்தாலோ, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படியாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, குடிக்கவே முடியாமல் துவண்டாலோ உடனே ஆஸ்பத்திரி. வழியிலும் ஸ்பூன் ஓயக் கூடாது.