பிரபலத்தைச் சாதாரண ஆளாகப் பார்த்த அனுபவம் உண்டா?

இரவுப்பயணி:
யாரிடமாவது சொன்னால்தான் மனசு ஆறும். ஸ்கேன் எடுக்கும் இடத்தில் காத்திருந்தோம். எதிரில் அந்தப் பாடகர், பெயர் வேண்டாம். பக்கத்தில் சக்கர நாற்காலியில் அவருடைய அப்பா. ஒருவர் நேராகப் போய் "சார், ஒரே ஒரு செல்ஃபி" என்றார். பாடகர் எழுந்து, கையிலிருந்த ரிப்போர்ட் கவரை அப்பா மடியில் வைத்துவிட்டுச் சிரித்தார், போஸ்டர்களில் பார்ப்போமே, அதே சிரிப்பு. படம் எடுத்து முடித்த அடுத்த நொடி முகத்தில் ஒன்றுமே இல்லை. அப்பா அந்தக் கவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்தவன் நான், அன்றைக்குக் கிட்டப் போகவே தோன்றவில்லை.

வெறும்வாசகன்:
பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே? ரசிகர்கள் இல்லாமல் அவர் ஏது? ஒரு கிரிக்கெட் வீரரோடு லிஃப்டில் போயிருக்கிறேன். "எத்தனாவது மாடி?" என்று கேட்டு அவரே பட்டனை அழுத்தினார். டிவியில் தெரிவதைவிடக் குள்ளம், ஒரு ஷூவின் லேஸ் அவிழ்ந்து தரையில் இழுபட்டது. கேட்டதும் படத்துக்கு நின்றார். இதில் யாருக்கு என்ன கஷ்டம்?

நீலமலர்:
வெறும்வாசகன், லிஃப்டும் ஆஸ்பத்திரியும் ஒன்றா? வேண்டாம் என்று சொன்னால் பத்து நொடி வீடியோ ஒன்று சுற்ற ஆரம்பிக்கும், "திமிர் பிடித்தவர்" என்று. கெட்ட பெயர் வர, வேண்டாம் என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை. முகங்கள் தனக்கு நினைவில் நிற்பதில்லை, அதனால் மதிக்கவில்லை என்று பலர் கோபப்படுகிறார்கள் என்று ஹாலிவுட் நடிகர் பிராட் பிட் 2013-இல் ஒரு பேட்டியில் சொன்னார். நமக்கு அவர்களை வருஷக்கணக்காகத் தெரியும், அவர்களுக்கு நாம் அந்த நிமிஷம் வந்து நிற்கிற அந்நியர். டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1956-லேயே இந்த ஒருதலை நெருக்கத்தைப் பற்றி எழுதிவிட்டார்கள், அப்போது டிவியே புதுசு. இப்போது பிரபலங்களின் முகம் நம் உள்ளங்கையில் இருக்கிறது, நெருக்கம் கூடத்தானே செய்யும். அதனால் சொல்கிறேன்: கூட யார் இருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். குழந்தையோ, உடம்பு முடியாதவரோ இருந்தால் விட்டுவிடுங்கள். சாப்பிடும்போதும் போனில் பேசும்போதும் வேண்டாம். பேசியே ஆகவேண்டும் என்றால் "உங்கள் வேலை பிடிக்கும்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு நகருங்கள், தோளில் கை போடாதீர்கள். எனக்கென்று சொல்ல பெரிய கதை இல்லை, ஒரு நடிகரை லைப்ரரியில் பார்த்தேன், புத்தகம் தேடிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

கடைசிவரிசை:
ஏர்போர்ட்டில் ஒரு அம்மா தரையில் முட்டி போட்டு, சீட்டுக்கு அடியில் தலையை விட்டுப் பையனின் ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார், போர்டிங் முடியப்போகிறது, பையன் ஒரே அழுகை. நானும் குனிந்து தேடினேன், என் பைக்குப் பின்னால் கிடந்தது. வாங்கி மாட்டிவிட்டு, தேங்க்ஸ் சொல்லிக்கொண்டே ஓடினார். அப்புறம்தான் பக்கத்தில் இருந்தவர் அந்த நடிகையின் பெயரைச் சொன்னார். நீலமலர் சொல்வது சரிதான், ஆனால் முன்னாலேயே தெரிந்திருந்தால் நான் செருப்பைத் தேடியிருப்பேனா, போனை எடுத்திருப்பேனா?