வளைவுக்கு அந்தப் பக்கம்: காட்டுத் தடங்களில் எதிர்ப்பட்டவை

மலைக்காட்டுத் தடங்களில் ஓடுகிறவர்கள் சேர்ந்தால் பேச்சு முதலில் ஏற்றம், முழங்கால், ஷூ என்றுதான் போகும். கொஞ்ச நேரம் கழித்து யாராவது ஒருவர், "அன்றைக்கு அந்த ஏரிக்கரையில் என்ன ஆச்சு தெரியுமா?" என்று தொடங்குவார். எனக்குப் பிடித்தது அந்தப் பகுதிதான். புதிதாகக் காட்டுக்குள் ஓட வருகிறவர்களுக்கு ஷூ பற்றிய அறிவுரையைவிட அந்தக் கதைகள் அதிகம் உதவும். எனக்கு நேர்ந்ததையும் என்னோடு ஓடுகிறவர்கள் சொன்னதையும் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காட்டில் நடப்பவருக்கு நேர்வதும் ஓடுபவருக்கு நேர்வதும் ஒன்றல்ல. நடப்பவர்கள் பேசிக்கொண்டே போவார்கள், மெதுவாகப் போவார்கள். அவர்கள் வருவது தெரிந்து விலங்குகள் முன்கூட்டியே விலகிவிடும். பெரும்பாலும் ஒன்றும் கண்ணில் படாது. ஓடுகிறவர் தனியாக, வேகமாக வருகிறார். ஊசியிலை விழுந்து மெத்தென்று கிடக்கும் மண்ணில் காலடிச் சத்தமும் குறைவு. பக்கத்தில் ஓடை இரைந்தால் அதுவும் போச்சு. விலகிப்போக விலங்குக்கு நேரமே கிடைப்பதில்லை. எனக்கு நேர்ந்த சந்திப்புகளில் முக்கால்வாசி, எதிர்ப்பக்கம் தெரியாத வளைவுகளில்தான்.

காட்டுப்பன்றியைப் பார்த்ததும் அப்படித்தான். ஓக் மரக்காட்டில் இறக்கம், சாயங்கால வெளிச்சம், கால்கள் தாமாகவே ஓடிக்கொண்டிருந்தன. வளைவைத் திரும்பினால் பத்துப் பதினைந்து அடி தூரத்தில் தாய்ப்பன்றி. பின்னால் குட்டிகள் தடத்தைக் கடந்துகொண்டிருந்தன. உடம்பில் நீளவாக்கில் கோடுகள் இருந்தன. கோடு இருந்தால் பிறந்து சில மாதமே ஆன குட்டி என்று அர்த்தம், தாய் எதற்கும் துணிந்திருக்கும். நான் நின்றுவிட்டேன். பிறகு முகத்தைத் திருப்பாமல் ஒவ்வொரு அடியாகப் பின்னால் போனேன். தாய் மூக்கால் பலமாக ஊதிவிட்டு அசையாமல் நின்றது. குட்டிகள் எல்லாம் போய்விட்டன என்று நினைத்தேன். அப்புறமும் ஒன்று புதரிலிருந்து வந்தது. அது கடந்த பிறகுதான் தாய் நகர்ந்தது. இப்படி வரிசையாகக் கடப்பதைப் பார்த்தால் நீங்களாகக் கணக்குப் போட்டு ஓட ஆரம்பிக்காதீர்கள். தாய் போகும்வரை நில்லுங்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவே புகுவதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து.

எதிர்ப்பக்கம் தெரியாத வளைவுக்கு முன்னால் நான் வேகத்தைக் குறைத்து, ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவேன். சத்தம் போடுவது காட்டின் அமைதியைக் கெடுக்கிறது என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் இதில் நான் மாறமாட்டேன். 2016 ஜூனில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், கிளேசியர் தேசியப் பூங்காவுக்கு அருகே, மலைச் சைக்கிளில் வேகமாக வந்த ஒருவர் தடத்தில் நின்ற கிரிஸ்லி கரடியின் மீதே மோதிவிட்டார். கரடி தாக்கியதில் இறந்துபோனார். அவருக்கும் அவகாசம் இல்லை, கரடிக்கும் இல்லை. கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நின்றுவிட முடிகிற வேகம்தான் காட்டில் சரியான வேகம். மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓடுகிறவர்கள்தான் இறக்கத்தில் மறந்துவிடுகிறோம்.

இயர்போன் பற்றியும் சொல்ல வேண்டும். 2019 பிப்ரவரியில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஹார்ஸ்டூத் மலையில் ஓடிக்கொண்டிருந்த ஒருவர், பின்னால் சருகு சலசலப்பதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒரு இளம் மலைச்சிங்கம், அதாவது பூமா என்கிற பெரிய காட்டுப்பூனை. அது பாய்ந்தபோது முகத்தைக் கையால் காத்து, போராடிப் பிழைத்தார். மலைச்சிங்கத்துக்கு முதுகைக் காட்டி ஓடக்கூடாது. நிமிர்ந்து, அதைப் பார்த்தபடியே, கையை உயர்த்திச் சத்தம் போட வேண்டும். பன்றிக்கும் கரடிக்கும் சொல்கிற யோசனைகள் இதற்கு அப்படியே பொருந்தாது. நீங்கள் ஓடப்போகும் காட்டில் எது வாழ்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் எந்த விலங்காக இருந்தாலும் அந்தச் சலசலப்பு காதில் விழுந்தால்தானே எதையும் செய்ய முடியும்? என் ஓட்டத்துணை ஒரு காதில் மட்டும் பாட்டு வைத்துக்கொள்வாள். அதுகூட வேண்டாம் என்பது என் கட்சி.

பாம்புக்கு நீங்கள் குரல் கொடுத்துப் பெரிய பயன் இல்லை. அதற்குப் புறச்செவி கிடையாது, தரையின் அதிர்வைத்தான் நன்றாக உணரும். காலை வெயிலில் பாறையும் தடமும் சூடேறும்போது உடம்பைச் சூடாக்கிக்கொள்ள வந்து கிடக்கும். குளிர்ந்த காலையில் அதனால் வேகமாக நகரவும் முடியாது. எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் சொன்ன பழக்கத்தை நான் விடாமல் கடைப்பிடிக்கிறேன். குறுக்கே விழுந்து கிடக்கும் மரத்தை ஒரே தாவாகத் தாண்டாதீர்கள். முதலில் மரத்தின் மேல் கால் வைத்து, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். ஒருமுறை அந்தப் பக்கம் சுருண்டு கிடந்தது. வந்த வழியே இறங்கி, சுற்றிக்கொண்டு போனேன்.

காட்டு விலங்குகளைவிட அதிகம் கற்றுக்கொடுத்தது ஒரு ஆட்டு மந்தை. காடு முடிந்து ஏரி வரைக்கும் புல்வெளி. மேட்டிலிருந்து பார்த்தபோது வெள்ளையாகப் பரவிக் கிடந்தது ஆடுகள்தான் என்று நினைத்தேன். அதில் இரண்டு எழுந்து குரைத்துக்கொண்டு வந்தன. காவல் நாய்கள். ஆல்ப்ஸிலும் பிரெனீஸ் மலைகளிலும் ஓநாய், கரடியிடமிருந்து மந்தையைக் காக்க இந்த வகைப் பெரிய வெள்ளை நாய்களை வளர்க்கிறார்கள். பிரான்சில் 'பாத்தூ' என்பார்கள். குட்டியிலிருந்தே ஆடுகளோடு வளர்வதால் மந்தையைத்தான் அவை தம் குடும்பமாக நினைக்கும். மேய்ப்பவர் பக்கத்தில் இல்லாவிட்டாலும் தாமாகவே முடிவெடுக்கும்.

ஓடுவதை நிறுத்தி நடைக்கு வந்தேன். நாய்கள் நெருங்கியதும் அப்படியே நின்றேன். கையில் இருந்த ஊன்றுகோல்களைத் தரையைப் பார்க்கத் தாழ்த்திக்கொண்டேன். முறைத்துப் பார்க்கவில்லை, குரலைத் தாழ்த்தி ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தேன். ஒன்று என்னைச் சுற்றி வந்து மோப்பம் பிடித்தது. மற்றது எனக்கும் ஆடுகளுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டது. அந்த நாய் நின்ற இடத்தைப் பார்த்ததுமே, அது எதைக் கேட்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் மேய்ப்பவர் வந்தார். "அதுக்கு உங்க மேல கோபம் இல்லை. யார்னு பார்க்க வருது. பார்த்து முடிக்க நேரம் குடுங்க, அவ்வளவுதான்" என்றார். மந்தையின் ஊடே போகாமல் கீழ்ப்பக்கமாகச் சுற்றிப் போகச் சொன்னார். தடம் நேரே மந்தைக்குள்தான் போகிறது, சுற்றினால் சேறும் கூடுதல் தூரமும்தான். ஆனாலும் சுற்றுவதுதான் நியாயம். நமக்கு அது ஓடுகிற இடம், அவருக்குப் பிழைப்பு நடக்கிற இடம்.

மலை ஓட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் ஜாஸ் நெய்லர்கூட ஆடு வளர்த்த விவசாயிதான். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் வாஸ்டேல் பள்ளத்தாக்குக்காரர். 1975-இல் அந்த மலைகளில் 72 சிகரங்களை 24 மணி நேரத்துக்குள் ஓடி முடித்தார். 2024-இல் மறைந்தார். ஆடுகளுக்குப் பின்னால் அலைந்து பழகியவருக்கு அந்தச் சரிவின் ஒவ்வொரு கல்லும் தெரிந்திருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர் மேல் மரியாதை கூடுகிறது.

தேனீ விஷயம் என் நண்பருக்கு நடந்தது. ஏரியை ஒட்டிய பாறைச்சுவரில் கூடு. ஒன்று கொட்டியதும் கையை வீசித் தட்டப் பார்த்தார், அடுத்தடுத்து வந்துவிட்டன. கொட்டிய கொடுக்கிலிருந்து வரும் வாடை மற்ற தேனீக்களை அழைக்கும். தட்டி நசுக்கினாலும் அப்படித்தான். இங்கே மட்டும்தான் ஓடுவது நல்லது. நேராக, நிற்காமல், முகத்தை மூடிக்கொண்டு, நூறு இருநூறு மீட்டருக்கு மேலேயே. பக்கத்தில் தண்ணீர் இருக்கிறதே என்று குதிக்கக்கூடாது. நீங்கள் தலையைத் தூக்கும்வரை அவை மேலேயே சுற்றும், ஏரியின் குளிர் வேறு. தப்பிய பிறகு கொடுக்குகளை உடனே எடுங்கள். நகத்தால் சுரண்டலாமா, கிள்ளலாமா என்ற விவாதமே வேண்டாம், சீக்கிரம் எடுப்பதுதான் முக்கியம். மூச்சுத் திணறினாலோ உதடு வீங்கினாலோ தாமதிக்காமல் மருத்துவ உதவி தேவை.

ஏரிக்கரை ஓட்டத்தில் மனிதர்களைத்தான் அதிகம் சந்திப்பேன், அதிலும் தூண்டில் போடுகிறவர்களை. குளிர்காலை, தண்ணீரிலிருந்து பனிமூட்டம் எழும்பிக்கொண்டிருக்கும். காற்றைவிட ஏரி வெதுவெதுப்பாக இருப்பதால் வரும் மூட்டம் அது. அதற்குள் ஒருவர் அசையாமல் நின்றுகொண்டிருப்பார். தூண்டிலை வீசுவதற்குக் கையைப் பின்னால் கொண்டுபோகும்போது முள் சரியாகத் தடத்தின் மேல், முகத்தின் உயரத்தில் வரும். அவர் திரும்பிப் பார்த்துத் தலையசைக்கும்வரை பின்னால் கடக்காதீர்கள். கூடு கட்டும் காலத்தில் அன்னமும் வாத்தும் சீறிக்கொண்டு வரும். வந்தால் வழிவிட்டு விலகினால் போதும்.

கண்ணில் படாத சந்திப்பு உண்ணி. புல் உரசிய ஓட்டத்துக்குப் பிறகு முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், முடிக்குள் தேடுங்கள். கூர்நுனி இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். நெருப்போ எண்ணெயோ வேண்டாம். உண்ணிக்கடியால் பரவும் லைம் நோயின் கிருமி உடம்புக்குள் இறங்க, உண்ணி பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும். அன்றைக்கே தேடி எடுத்துவிட்டால் அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும்.

இனி உங்களிடம் ஒரு கேள்வி. அண்மையில் ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் ஏற முடியாத சரிவு, நடுவில் ஒற்றையடிப் பாதை. பாதை முழுக்கக் கன்றுகளோடு மாடுகள். கன்றோடு இருக்கும் மாடு லேசான விஷயம் இல்லை என்பதால் திரும்பி, மலையைச் சுற்றிக்கொண்டு போனேன். இருட்டியே விட்டது. அந்த மாதிரி இடத்தில் மாடுகளை மிரட்டாமல் கடந்த அனுபவம் யாருக்காவது இருந்தால், எங்கே நின்றீர்கள், எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். அதே பாதையில் நான் மறுபடியும் ஓடப்போகிறேன்.