தெரு மரத்தில் எதைத்தான் பார்ப்பது? பெயர் தெரிந்தும் அழகு பிடிபடவில்லை

நடைவாசி:
தினமும் நடக்கிற அரை கிலோமீட்டர் தெருவில் பதினான்கு மரங்கள். தூங்குமூஞ்சி, புங்கை, பூவரசு, வாதுமை, அரசு, வேம்பு, நெட்டிலிங்கம் என்று கலவையாக நிற்கின்றன. செயலியை வைத்துப் பெயரெல்லாம் கண்டுபிடித்தாயிற்று. பெயர் தெரிந்ததோடு சரி. ஏறிட்டுப் பார்த்தால் பச்சையாக ஒரு குவியல், அவ்வளவுதான். பூக்கிற மாதத்தில் மட்டும் நின்று பார்க்கத் தோன்றுகிறது. மரத்தை ரசிப்பவர்கள் எதைப் பார்க்கிறீர்கள்? எங்கே நிற்க வேண்டும், எந்த நேரம்? செல்பேசியில் படம் எடுத்தால் மரம் கருத்துப் போகிறது, இல்லாவிட்டால் வானம் வெளுத்துப் போகிறது. அதற்கும் வழி சொல்லுங்கள். கவிதை வேண்டாம், செய்முறை போதும்.

கவட்டை:
முதலில் இலையை மறந்துவிட்டுக் கிளை எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். அதற்கு நல்ல நேரம், சூரியன் மறைந்து 15, 20 நிமிடம் ஆனபின். நிறம் அடங்கிவிடும், வானத்தில் வெளிச்சம் மிச்சம் இருக்கும், மரம் கோட்டோவியமாக நிற்கும். மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி நில்லுங்கள். 12 மீட்டர் மரத்துக்கு 24 மீட்டர். அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பதால்தான் உங்களுக்குக் குவியலாகத் தெரிகிறது. கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் தழை நாலைந்து திரளாகப் பிரியும், நடுநடுவே வானத்துண்டுகள் தெரியும். ஒரு மரத்தின் முகவெட்டே அந்தத் திரளும் இடைவெளியும்தான்.

உங்கள் பட்டியலில் தொடங்க எளிதானது வாதுமை. அதன் நடுத்தண்டு ஒரே சீராக வளர்வதில்லை. கொஞ்சம் ஓங்கும், பிறகு நிற்கும். ஓங்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு வட்டம் கிளைகளைக் கிடையாக விடும். அதனால்தான் மாடி மாடியாக அடுக்கு. அந்தக் கிளையையும் கவனியுங்கள். நுனி மேல்நோக்கித் திரும்பி ஒரு இலைக்கொத்தோடு நின்றுவிடும், அதன் அடியிலிருந்து புதுத் துண்டு கிளம்பி அடுத்த கொத்துவரை போகும். கிளை முழுக்க இந்தப் படிகளை எண்ணலாம். ஹாலே, ஓல்ட்மன் என்ற இரண்டு தாவரவியலாளர்கள் 1970-இல் வெப்பமண்டல மரங்களின் வளர்ச்சி முறைகளை வகைப்படுத்தினார்கள். பின்னர் விரிவாக்கப்பட்ட அந்த வகைப்பாட்டில் மரங்களின் வளர்ச்சி முறைகள் ஏறக்குறைய எல்லாமே 23 மாதிரிகளுக்குள் அடங்கிவிடுகின்றன. வாதுமை வளரும் முறை அதில் ஒன்று.

அடுத்து, கோணல். தெருமரம் நேராக இருக்காது. கட்டடத்தின் நிழல் விழும் பக்கம் மெலிந்து, வெளிச்சம் வரும் சாலைப் பக்கம் கனத்துப் போயிருக்கும். சாய்ந்த மரம் தன்னை நிமிர்த்தவும் பார்க்கும். இலைமரங்களில் சாய்வின் மேல்புறத்தில் ஒருவகை இழுவிசைக் கட்டை உண்டாகி, கயிறு போட்டு இழுப்பதுபோல் தண்டை மேலே இழுக்கிறது. அடியில் சாய்ந்து நுனியில் நிமிர்ந்த அந்த வில் வளைவு அப்படி வந்ததுதான். இது தெரிந்தபின் கோணல் மரத்தின் பக்கம்தான் கண் போகும். நேர் மரத்தில் படிக்க ஒன்றும் இல்லை என்பது என் கட்சி.

சாய்வெயில்:
நிழலுருவம் சரி, ஆனால் நேரத்தை அந்திக்குள் அடைத்துவிடாதீர்கள். நடுப்பகலில் மேலே பார்க்க வேண்டாம், கீழே பாருங்கள். மர நிழலில் தரையில் விழும் வட்டவட்ட ஒளிப்பொட்டுகள் இலை இடுக்குகளின் வடிவம் அல்ல. இடுக்கு எந்தக் கோணலில் இருந்தாலும் பொட்டு வட்டம்தான், ஏனென்றால் அது சூரியனின் பிம்பம். ஊசித்துளைக் கேமரா வேலை செய்யும் அதே முறை. பொட்டின் அகலம், துளையிலிருந்து தரைவரை உள்ள தூரத்தில் சுமார் 110-இல் ஒரு பங்கு. 5 சென்டிமீட்டர் பொட்டு என்றால் அந்த இடுக்கு ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 10 சென்டிமீட்டர் என்றால் 11 மீட்டர். வெயில் சாயச் சாய வட்டம் முட்டை வடிவமாக நீளும். பாதி சூரிய கிரகணத்தன்று அத்தனை பொட்டும் பிறை. இடுக்கு பெரிதாகவோ தரைக்கு மிக அருகிலோ இருந்தால் மட்டும் இடுக்கின் வடிவமே விழும்.

பட்டைக்குக் காலையிலோ மாலையிலோ பக்கவாட்டு வெயில் வேண்டும். வேம்பின் நெடுக்கு வெடிப்பு அப்போதுதான் ஆழமாகத் தெரியும், உச்சிவெயிலில் சப்பையாகிவிடும். மழை விட்ட பத்து நிமிடத்துக்குள் இன்னும் நல்லது. சாம்பல் தேமலாகக் கிடந்த லைக்கன் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் படலம்) ஈரம் பட்டதும் பச்சையாகிவிடும். அதன் மேல்தோல் நனைந்து ஒளி புகவிட, உள்ளே இருக்கும் பாசி தெரிகிறது.

படத்துக்கு: திரையில் அடிமரத்தைத் தொட்டு அங்கே வெளிச்சத்தைப் பூட்டுங்கள், பிறகு சற்றே குறைத்துக்கொள்ளுங்கள். வானம் சட்டகத்தில் கால் பங்குக்கு மேல் வரவேண்டாம். அகலக் கோணத்தில் கிட்ட நின்று எடுத்தால் மரம் பின்னால் சரிவதுபோல் வரும். தள்ளி நின்று இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். கொழுந்து எடுக்கும்போது சூரியன் இலைக்குப் பின்னால் இருக்கட்டும். நிழலுருவம்தான் வேண்டும் என்றால் எதிர்மாறு, வானத்தைத் தொட்டுப் பூட்ட வேண்டும்.

கொழுந்துவேளை:
இரண்டு பேரும் காலத்தை விட்டுவிட்டீர்கள். பதினான்கு மரத்தையும் பார்க்க வேண்டாம். ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரே இடத்தில் நின்று, வாரம் ஒரு படம் எடுங்கள், அதே சட்டகத்தில். எட்டாவது வாரத்தில் வரிசையாக ஓட்டிப் பார்த்தால் நேரில் தெரியாதது தெரியும்.

பூ மாதம் ஒன்றுதான் காட்சி என்பதும் சரியில்லை. வேம்பும் அரசும் செம்பு நிறத்தில் துளிர்க்கும். பச்சையம் கூடுமுன் இளம் இலையில் தங்கும் செந்நிறமி அது. கூர்ந்து பார்க்காதவர்கள் மரம் பூத்துவிட்டது என்றே நினைப்பார்கள். ஆனால் சில நாளில் பச்சையாகிவிடும், வாரக் கணக்கில் பார்த்தால் தவறிப்போகும், கொழுந்து கண்டதும் தினமும் பாருங்கள்.

தூங்குமூஞ்சியைச் சாயங்காலம் பாருங்கள். இலைக்காம்பின் அடியிலும் சிற்றிலைகளின் அடியிலும் தடித்த முட்டி இருக்கும். அதிலுள்ள செல்களில் நீரழுத்தம் மாறுவதால் இலை மடிகிறது. மேகம் கறுத்தாலும் மடியும். பகலில் அடைத்துக்கொண்டிருந்த குடையில் அப்போது வானம் தெரியும். பூவரசில் காலைப் பூவையும் மாலைப் பூவையும் ஒப்பிடுங்கள். மஞ்சளாக விரிந்தது வாடும்போது சிவந்துவிடும், ஒரே கிளையில் இரண்டு நிறமும் கிடைக்கும். அரசுக்கு நேரமே வேண்டாம். காம்பு நீளம், மெலிவு, இலை அகலம். மற்ற மரமெல்லாம் அசையாத காற்றிலும் அது சலசலக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம்.

வெட்டுவாய்:
அழகைக் கெடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. முக்கால்வாசித் தெருமரம் குவியலாகத் தெரிவதற்குக் கண் காரணமில்லை, அரிவாள்தான் காரணம். உச்சியை மொட்டையடித்தால் வெட்டுக்குக் கீழே பட்டையை ஒட்டிக் கொத்தாகச் சிம்பு வெடிக்கும். துடைப்பத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல் இருக்கும். அந்தச் சிம்புகளுக்கு உள்மரத்தோடு பிடிப்பு குறைவு, பெருத்தபின் காற்றில் முறிந்து விழுவதும் அவைதான். கவட்டை சொன்ன வாதுமை அடுக்கு ஒருமுறை மொட்டையடித்தால் போயிற்று.

நல்ல வெட்டை அடையாளம் காண்பது சுலபம். கிளை தண்டில் சேருமிடத்தில் கழுத்துப்பட்டைபோல் ஒரு வீக்கம் உண்டு. அதற்கு வெளியே ஒட்டி வெட்டினால் சில வருடங்களில் வெட்டுவாயைச் சுற்றி முழு வட்டமாகச் சதை திரண்டு மூடும். வீக்கத்தையும் சேர்த்துத் தண்டோடு சீவினால் இரண்டு பக்கமும் மட்டும் திரளும், கண் வடிவத் தழும்பு நிற்கும். முழம் நீளக் கட்டையாக விட்டால் அது செத்து, உளுத்து, அழுகலை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். மரத்துக்குப் புண் ஆறுவது என்று ஒன்று கிடையாது. கெட்ட பகுதியைச் சுவர் வைத்து ஒதுக்கிவிட்டு வெளியே புதுக்கட்டை போர்த்தும். அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்கர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்துச் சொன்னது இது.

அடிமரத்தையும் பாருங்கள். ஆரோக்கியமான மரம் தரையைத் தொடும் இடத்தில் விரிந்து வேர்க்கால் பரப்பும். கம்பத்தை நட்டதுபோல் நேராக இறங்கினால் மண்ணோ சிமென்டோ கொட்டி மூடியிருக்கிறார்கள். தண்டைச் சுற்றி ஒரு மீட்டராவது திறந்த மண் வேண்டும். விளக்குச் சரம் கட்டிய கம்பியை விட்டுவைத்தால் தண்டு பருக்கப் பருக்கக் கம்பி பட்டைக்குள் புதையும். உணவு இறங்கும் பாதை பட்டையின் உட்புறத்தில்தான், அது நெரிபடும். ஆணி மேலே ஏறிவிடும் என்று நினைப்பது தவறு. மரம் நுனியில்தான் உயர்கிறது, அடித்த ஆணி அடித்த உயரத்திலேயே கிடக்கும்.

நடைவாசி:
நன்றி. வாதுமையும் பூவரசும் எடுத்துக்கொள்கிறேன். வெட்டுவாய் சொன்னதைப் படித்தபின் பதினான்கில் ஐந்து துடைப்பம் என்று எண்ணியாயிற்று. நெட்டிலிங்கத்தை யாருமே தொடவில்லையே? வருடம் முழுக்க ஒரே தூண்தான். கவட்டை கணக்கில் அது படிக்க ஒன்றுமில்லாத நேர் மரமா?

கவட்டை:
மாட்டிவிட்டீர்கள். அதன் தண்டு நேர்தான், கதை கிளையில் இருக்கிறது. அத்தனை கிளையும் கீழ்நோக்கித் தொங்கித் தண்டை ஒட்டிக்கொள்வதால்தான் தூண் வடிவம். கிட்டப் போய்த் தழையை விலக்கிப் பாருங்கள்.

கொழுந்துவேளை:
அதோடு இலை விளிம்பின் அலையைப் பாருங்கள். காற்றில் புரளும்போது ஒரே இலையில் இருட்டுப் பச்சையும் மினுக்கமும் மாறி மாறி வரும். நெட்டிலிங்கம் பூக்கும் என்பதே பலருக்குத் தெரியாது. இலைகளுக்கு அடியில், வெளிர்பச்சையில், ஆறு அலையிதழ் நட்சத்திரங்களாகக் கொத்துக் கொத்தாக இருக்கும். இலையின் நிறத்தோடு கலந்துவிடுவதால் இரண்டடி தள்ளி நின்றாலே தெரியாது. சில வாரங்கள்தான். பிறகு ஒரே பூவிலிருந்து பல காய் கொத்தாக வரும், பழுத்துக் கருத்ததும் வௌவால் வரும். காலையில் தரையில் கொட்டை சிதறிக் கிடந்தால் அண்ணாந்து பார்க்க வேண்டிய மரம் அதுதான்.