பழைய ஹார்ட் டிஸ்க் சுத்துது, ஆனா சி: வரல, அவசரம், யாராச்சும் உதவுங்க

யீஷூன்குமார்: வணக்கம், மாமா டேக்கா பக்கம் கடை வச்சிருந்தப்போ யூஸ் பண்ண பிசி, உள்ள 20 எம்பி டிஸ்க். சுத்துது, ஹெட் நகர்ற சத்தம் கேக்குது, லைட்டும் எரியுது, ஆனா ஃப்ளாப்பில டாஸ் ஏத்தி சி: அடிச்சா இன்வேலிட் டிரைவ் ஸ்பெசிஃபிகேஷன்னு வருது. அத்தை எழுதின லெட்டருங்க எல்லாம் அதுலதான் இருக்கு, சனிக்கிழமைக்குள்ள எடுத்தாகணும். என்ன பண்றது?

தோபாயோதம்பி: மெஷின் பழைய ஐபிஎம் எக்ஸ்டி வகையா, அதுக்கு அடுத்து வந்த 286ஆ ப்ரோ? 286னா கண்டிப்பா செட்டிங்க ஞாபகம் வச்சுக்கற சீமாஸ் பேட்டரி போயிருக்கும், டிரைவ் டைப் அழிஞ்சிருக்கும். செட்டப்ல டைப் 2 போடுங்க, 615 சிலிண்டர் 4 ஹெட், வந்துரும்.

மலர்_பிடோக்: லேபிள்ல என்ன மாடல் போட்டிருக்கு? 34 பின், 20 பின் ரெண்டு கேபிளும் நேரா மாட்டியிருக்கா? கடைசியா எப்ப ஓடுச்சு?

ஜூரோங்ராஜா: இதுக்கெல்லாம் ஒரே வழிதான் லா, டாஸோட வர்ற டீபக் புரோகிராம்ல ஜி=சி800:5 அடிச்சு லோ லெவல் ஃபார்மட் போடுங்க, டிஸ்க்க அடியில இருந்து திரும்ப எழுதும், புதுசு மாதிரி ஓடும்.

மலர்_பிடோக்: குமார், அதைத் தொடாதீங்க!! டிஸ்க் ஓடும், லெட்டர் ஒண்ணுகூட மிஞ்சாது.

பழையவட்டு: மாடல் இல்ல, டிஸ்க்க ஓட்டற கன்ட்ரோலர் கார்டு பேரு இல்ல, உதவுங்கன்னா எப்படி உதவறது? கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி பெட்டிய தொறந்து எழுதியிருக்கறத படிக்கணும், எத்தனை வருஷமா சொல்றேன்.

யீஷூன்குமார்: சாரிண்ணே. எஸ்டி-225, மேட் இன் சிங்கப்பூர்னு போட்டிருக்கு, மெஷின் எக்ஸ்டி. கேபிள் ஓகே. கார்டு போன வாரம்தான் மாத்தினேன், பழைய கார்டோட ஸ்லாட்ல மாட்டற கால்ல பச்சை புடிச்சிருந்துச்சு, அதான் வேற கம்பெனி கார்டு ஒண்ணு வாங்கிப் போட்டேன்.

பழையவட்டு: இத முதல்லயே சொல்லியிருக்கணும், விஷயமே அதுதான். டேட்டாவ துண்டு துண்டா பிரிச்சு வைக்கறதுதான் செக்டர், அந்தக் காலத்து டிஸ்க்குக்கு அது என்னன்னே தெரியாது தம்பி. ஹெட்ல இருந்து வர்ற பல்ஸ அப்படியே 20 பின் கேபிள்ல அனுப்பும், அவ்வளவுதான். எது பிட்டு, எங்க செக்டர் ஆரம்பிக்குதுன்னு முடிவு பண்றது கார்டு. 3600 ஆர்பிஎம்ல ஒரு சுத்து 16.67 மில்லி செகண்ட், பிட்ட பல்ஸா எழுதற எம்எஃப்எம் முறைல செகண்டுக்கு 50 லட்சம் பிட், அதாவது ஒரு டிராக்ல, ஒரு சுத்து வளையத்துல, சுமார் 10,416 பைட் இடம். ஆனா 17 செக்டர் × 512 போட்டா 8,704தான். மிச்ச இடத்துலதான் கேப், சிங்க், செக்டர் நம்பர் எல்லாம் உக்காந்திருக்கு. ஒவ்வொரு செக்டர் முன்னாடியும் வரிசையா சைபர் எழுதியிருக்கும், பாட்டுக்குத் தாளம் புடிக்கற மாதிரி கார்டு அதுல தன் கிளாக்க ஒட்ட வச்சுக்கும். அப்புறம் ஏ1னு ஒரு பைட், அதுல வரவேண்டிய ஒரு கிளாக் பல்ஸ வேணும்னே விட்டிருப்பாங்க, சாதாரண டேட்டால அப்படி வராது, அதனால செக்டர் இங்க ஆரம்பம்னு புரியும். அதுக்குப் பின்னாடி சிலிண்டர், ஹெட், செக்டர் நம்பர, செக் பைட்ட எல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு எழுதுச்சு. ஒரு கார்டு எழுதினத இன்னொரு கார்டு படிக்கும்னு நம்பவே கூடாது. பழைய கார்ட தூக்கிப் போட்டுட்டியா?

தோபாயோதம்பி: எக்ஸ்டின்னா சீமாஸே கிடையாது, சரி. ஆனா புதுக் கார்டு, இன்னும் நெருக்கி எழுதற ஆர்எல்எல் முறையா இருந்தா? அது 26 செக்டர் ஆச்சே, எம்எஃப்எம் டிஸ்க்க எப்படிப் படிக்கும்?

ஜூரோங்ராஜா: நான் 225ல ஆர்எல்எல் கார்டு போட்டு 30 எம்பி எடுத்திருக்கேன், நல்லாத்தான் ஓடுச்சு.

பழையவட்டு: ஓடும், ஒரு நாள் காலை வாரும். ஆர்எல்எல்லுக்கு டைமிங் இன்னும் நெருக்கம், அதுக்குன்னு டெஸ்ட் பண்ணி வித்ததுதான் எஸ்டி-238ஆர் மாடல்.

மலர்_பிடோக்: சண்டைய அப்புறம் வச்சுக்கங்க. குமார், பழைய கார்டு கால்ல ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் தேய்ங்க, பச்சை போற வரைக்கும். டிஸ்க்க அரை மணி நேரம் சும்மா சுத்த விட்டுட்டுப் படிங்க, 225ல ஹெட்ட படிப்படியா நகர்த்தற ஸ்டெப்பர் மோட்டார், சூட்டுல உள்ள சுத்தற தட்டு (பிளேட்டர்) விரிஞ்சா ஹெட் தானா சரி பண்ணிக்காது. ஏர்கான் ரூம்ல வேணாம், கடைல ஃபேன்தானே இருந்திருக்கும்.

ஜூரோங்ராஜா: ஏர்கான்ல என்ன ஆகப்போகுது, ஆபீஸ்ல எல்லாம் அப்படித்தானே ஓடுச்சு.

மலர்_பிடோக்: ஏர்கான்ல ஃபார்மட் பண்ணது ஏர்கான்ல ஓடும். இது எந்தச் சூட்டுல எழுதினதோ அதே சூட்டுல படிக்கறதுதான் நல்லது.

ஜூரோங்ராஜா: அப்போ காலைல ஆன் பண்ண உடனே எந்த டிஸ்க்கும் ஓடியிருக்கக் கூடாதே?

மலர்_பிடோக்: டிராக் நடுவுல எழுதியிருந்தா கொஞ்சம் விலகினாலும் படிச்சிரும். ஓரமா எழுதினதுதான் முரண்டு புடிக்கும். இத்தனை வருஷத் தேய்மானத்துல எது நடுவுல இருக்குன்னு யாரு கண்டா?

யீஷூன்குமார்: பழைய கார்டு டிராயர்லதான் இருந்துச்சு, துடைச்சுப் போட்டேன், சி: வந்துருச்சு!!! லெட்டர் ஃபைல்லாம் தெரியுது. காப்பி ஓடிட்டு இருக்கு, அப்புறம் வரேன்.

பழையவட்டு: காப்பி முடியற வரைக்கும் ஆஃப் பண்ணாத. ரீட் எரர் வந்தா ரீட்ரை கொடு, அபார்ட் கொடுக்காத. டிஸ்க்குல எதையும் எழுதவும் கூடாது.

தோபாயோதம்பி: அந்தப் புதுக் கார்டு என்ன மாடல் ப்ரோ? எம்எஃப்எம்மா ஆர்எல்எல்லா, பாத்துச் சொல்லுங்க.