53 சதவீதம் என்பது உண்மையா? பெற்றோர் கூட்டத்தில் என்ன சொல்வது?

எட்டாம்வகுப்பு டீச்சர்:
வணக்கம். அடுத்த வாரம் பெற்றோர் கூட்டத்தில் குழந்தைகள் மீதான பாலியல் அத்துமீறல் பற்றிப் பேசப்போகிறேன். இந்தியாவில் 53 சதவீதக் குழந்தைகளுக்கு நடந்திருக்கிறது என்று ஓரிடத்தில் இருக்கிறது, உலக அளவில் 13 சதவீதம்கூட வராது என்று இன்னோரிடத்தில். உடன் வேலை செய்பவர் "எல்லாம் ஊதிப் பெருக்கின கணக்கு" என்கிறார். எதை நம்புவது?

புள்ளிவிவரம்:
53 என்பது மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில் வருவது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். வலுக்கட்டாயமாக முத்தமிடுவது, ஆபாசப் படம் காட்டுவது எல்லாம் அதில் சேர்த்தி, கடுமையான வகைகள் மட்டும் என்றால் ஏறக்குறைய 21 சதவீதம். தெருவில் வாழ்கிற, வேலைக்குப் போகிற, காப்பகங்களில் வளர்கிற பிள்ளைகளையும் தனிப் பிரிவுகளாக எடுத்திருந்ததால், நாட்டின் எல்லாக் குழந்தைகளுக்கும் அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் ஊதிப் பெருக்கியது என்று தள்ளுவது அநியாயம், அது பிள்ளைகளே வாய் திறந்து சொன்னது.

கோவைவாசி:
உலகக் கணக்கு 2011இல் வந்த, பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்விலிருந்து. நேரடியாக அவரவரிடமே கேட்ட ஆய்வுகளில் ஆயிரத்துக்கு 127 பேர் (நீங்கள் பார்த்த 13 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு), அதிகாரிகளும் பணியாளர்களும் தெரிவித்ததை வைத்துப் பார்த்தால் வெறும் 4. பெரும்பாலானவை வெளியே தெரிவதே இல்லை என்பதைக் காட்டும் இந்த இடைவெளியைக் கூட்டத்தில் சொல்லுங்கள் டீச்சர், எந்தச் சதவீதத்தையும்விட இதுதான் முக்கியம். அப்புறம், அந்த இந்திய ஆய்வில் நடந்ததாகச் சொன்னவர்களில் பாதிக்குச் சற்று மேல் பையன்கள். பெண் பிள்ளைகளின் அம்மாக்களை மட்டும் கூப்பிட்டுப் பேசினால் போதாது.

மனநலப்பணி:
ஆலோசகராக இருக்கிறேன். டியூஷன் நாளில் மட்டும் வயிற்றுவலி, அதுவரை நன்றாகப் படித்த பையனுக்குத் திடீர்க் கோபம், இப்படித்தான் பெரும்பாலும் எங்களிடம் வருகிறார்கள். 1998இல் வெளியான அமெரிக்காவின் சான் டியேகோ ஆய்வில், சிறுவயதில் பாலியல் அத்துமீறல் உட்படப் பல வகைத் துன்பங்கள் கூடக் கூட, பெரியவர்களானதும் மனச்சோர்வு, குடி, தற்கொலை முயற்சி, இதயநோய் எல்லாம் கூடுவது தெரிந்தது. அதற்காக வாழ்க்கையே போச்சு என்று பெற்றோரைப் பயமுறுத்தாதீர்கள், எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை. பிள்ளை சொன்னதும் வீட்டில் நம்பினார்களா என்பது பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது. "மாமா அப்படிப்பட்டவர் இல்லையே", "ஏன் அப்பவே சொல்லல" என்ற இரண்டையும் கேட்டுவிட்டு அதோடு வாயை மூடிக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். "நீ சொன்னது நல்லது, உன்மேல் தப்பில்லை" என்று சொன்னால் போதும், துருவித் துருவிக் கேட்க வேண்டாம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டப்படி, இப்படி நடந்தது தெரியவந்த யாரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், ஆசிரியருக்கும் அது பொருந்தும். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐப் பலகையில் எழுதிப் போடுங்கள்.

எட்டாம்வகுப்பு டீச்சர்:
நன்றி. அப்பாக்களும் வருகிற மாதிரி கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றக் கேட்கிறேன்.